கடல் எவரையும் தண்டிப்பதில்லை

மாரி மழை பள்ளிக்கூடத்துக் கூரையில் ஓயாது கொட்டிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், உயர்தர வகுப்பு மாணவருக்கு மணிமேகலைக் காப்பியத்தின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மகனை இழந்த துயரில் சோழ மன்னன் இந்திர விழாவை மறந்துவிடுகின்றான், தெய்வம் சினக்கின்றது, கடல் பொங்கிப் புகார் நகரை விழுங்குகின்றது. பல்கலைக்கழகத்தில் நான் கற்றவாறே, காப்பியத்தின் அறநோக்கு, ஊழ்வினைக் கோட்பாடு, பௌத்தச் சார்பு என்று வகுத்துக் கூறிவிட்டுப் புத்தகத்தை மூடினேன். பின்வாங்கில் இருந்த ஒரு மாணவி எழுந்தாள். முல்லைத்தீவுக் கரையோரக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவள்; வவுனியாவில் பெரியம்மா வீட்டிலிருந்து படிப்பவள்.

“சேர், எங்கட ஊரில ஒரு வருஷமும் திருவிழா நிண்டதில்லையாம். அம்மம்மா சொல்லுறவா. பிறகேன் சேர் கடல் வந்தது?”

வகுப்பில் சிலர் சிரித்தனர். அவள் சிரிக்கவில்லை. நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். “அது காப்பியம் பிள்ளை, இது வாழ்க்கை” என்பது போன்ற ஒரு சொற்றொடர். மணி அடித்தது, தப்பிக்கொண்டேன். ஆனால் அந்தக் கேள்வி தப்பவிடவில்லை. தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்று, காப்பியங்களுக்கு உரை சொல்லிச் சம்பளம் பெறும் ஒருவனிடம், கடற்கரையில் பிறந்த ஒரு பெண், கடல் ஏன் ஊருக்குள் வருகின்றது என்று கேட்கின்றாள். அவனிடம் விடை இல்லை. இது ஒரு தனி மனிதனின் வெட்கம் மட்டுமன்று. எங்கள் கல்வி முழுவதன் வெட்கம். இக்கட்டுரை அவளுக்கு நான் காலங்கடந்து சொல்லும் விடை. அவளுக்கு விடை தர வேண்டிய பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் எல்லோரோடும் நான் தொடுக்கும் வழக்கும் இதுவே.

கடல் கொண்ட கதைகள் நம்மிடம் நிறைய உண்டு. முதற் சங்கமும் இடைச் சங்கமும் இருந்த நகரங்களைக் கடல் கொண்டதாக இறையனார் களவியலுரை சொல்கின்றது. பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டதைச் சிலப்பதிகாரம் குறிக்கின்றது. இவற்றை வைத்துக் குமரிக்கண்டம் என்ற பெருங்கண்டத்தையே மேடைகளில் எழுப்பிவிட்டோம். இல்லாத கண்டத்தின் எல்லைகளை வரைபடம் போட்டு விளக்கும் பேச்சாளருக்கு, இருக்கின்ற கொக்கிளாய்க் களப்பு எந்த ஆற்றின் நீரைப் பெறுகின்றது என்று தெரியாது. பன்னிரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் மூழ்கியதாகச் சொல்லப்படும் நாட்டிற்காகக் கண்ணீர் வடிக்கின்றோம். இவ்வாண்டு கார்த்திகையில் வாடியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுப் பாடசாலை மண்டபத்தில் பாயில்லாமற் படுத்திருக்கும் குடும்பத்தைக் கடந்து போகின்றோம். பழம்பெருமை எவ்வளவு வசதியான பொருள்! அதற்கு நிவாரணம் கொடுக்க வேண்டியதில்லை.

பழைய விளக்கம் தெய்வத்தின் பெயரால் சொல்லப்பட்டது. இன்று அதையே அலுவலக மொழியில் மொழிகின்றனர். “இயற்கை அனர்த்தம்” என்ற இரண்டு சொற்கள் போதும்; எந்தக் கோப்பையும் மூடிவிடலாம். கரையோர மக்கள் கூடிய ஒரு கூட்டத்தில், மேசைக்கு அப்பால் இருந்த ஓர் அலுவலர், “கடலை ஆர் தடுக்க ஏலும்?” என்று கேட்டதை என் காதாற் கேட்டேன். கேள்வி போல ஒலித்தாலும், கூட்டத்தை முடித்துவைக்கவே அவர் அதைச் சொன்னார். இந்திரவிழாவை மறந்ததால் வந்த சாபம் என்று சொன்ன காப்பியப் புலவரையேனும் நாம் மன்னிக்கலாம். அவருக்கு வளியமுக்கமானி இல்லை, செய்மதி இல்லை, புயலின் பாதையை நான்கு நாட்களுக்கு முன்பே வரைந்து காட்டும் கணிப்பொறி இல்லை. இவை அனைத்தும் உள்ள காலத்தில் இருந்துகொண்டு “விதி” என்று சொல்பவரை எப்படி மன்னிப்பது?

ஆகவே முதலில் விஞ்ஞானத்தைப் பேசுவோம். விஞ்ஞானத்தைப் பேசாமல் நியாயத்தைப் பேச முடியாது.

கடல் ஊருக்குள் வரும் வழிகள் ஒன்றல்ல. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலைக்கும் காலநிலைக்கும் தொடர்பு இல்லை. சுமாத்திராவுக்கு அருகே கடலடி நிலம் பிளந்து உயர்ந்ததால் எழுந்த அலை அது. வானம் தெளிந்திருந்த காலைப்பொழுதில் அது வந்தது. முல்லைத்தீவு நகரை அது எவ்வாறு அழித்தது என்பதை எங்கள் தலைமுறை மறவாது. எனக்கு அப்போது வயது பத்தைச் சற்றே கடந்திருந்தது. பிணங்களை ஏற்றிய உழவு இயந்திரங்கள் போன ஒழுங்கை இன்றும் கண்ணில் நிற்கின்றது. அந்தப் பேரழிவின் நிழல் மிகப் பெரியதாகையால், கடல் என்றாலே எங்கள் மக்கள் அந்த ஒரு நாளையே நினைக்கின்றனர். ஆனால் ஒவ்வோராண்டும் மாரிதோறும் மெல்லவும், சில ஆண்டுகளில் ஓரிரவில் மூர்க்கமாகவும் ஏறி வருகின்ற கடல் வேறு. அதை நடத்துவது காற்று. காற்றை நடத்துவது வெப்பமும் அமுக்கமும். அது வருமுன் அறியக்கூடியது. நம் வழக்கின் அடிப்படை இதுதான்.

நம் தலைக்கு மேலுள்ள வளிமண்டலத்திற்குப் பாரம் உண்டு. அது கடலின் மேல் அழுத்தும் அழுத்தம் ஏறத்தாழப் பத்து மீற்றர் உயரமான நீர்த்தூண் ஒன்றின் அழுத்தத்துக்குச் சமம். சூறாவளியின் நடுவில் இந்த அழுத்தம் குறைகின்றது. இளநீரிற் குழலை வைத்து உறிஞ்சும்போது வாய்க்குள் அழுத்தம் குறைய இளநீர் குழலில் ஏறுவதுபோல, அமுக்கம் குறைந்த இடத்திற் கடல் ஏறுகின்றது. கணக்கு எளிது: அமுக்கம் ஒரு மில்லிபார் குறைந்தால் நீர்மட்டம் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் உயரும். ஐம்பது, அறுபது மில்லிபார் குறைந்த கடுஞ்சூறாவளியின் கீழ்க் கடல் அரை மீற்றருக்கு மேல் வீங்கி நிற்கும்.

இது சிறு பங்கே. பெரும் பங்கு காற்றினுடையது. அகன்ற தாம்பாளத்தில் நீரை ஊற்றி ஒரு பக்கமிருந்து ஊதிப் பாருங்கள். மறுபக்க விளிம்பில் நீர் குவியும். கடலும் அவ்வாறே. காற்றின் வேகம் இரட்டித்தால் அது நீரைத் தள்ளும் விசை நான்கு மடங்காகின்றது. கடல் ஆழமாக இருந்தால், கரையை நோக்கித் தள்ளப்பட்ட நீர் அடியால் திரும்பிப் போக வழி உண்டு. ஆழம் குறைந்தால் அவ்வழி அடைபட்டு நீர் மேலேறுகின்றது. திருகோணமலை வாயிலில் கடலடிப் பள்ளத்தாக்குக் கரையருகே வரை வந்திருக்கின்றது. அங்கே நீருக்கு ஓடிப்போக இடமுண்டு. பாக்குநீரிணையோ பெரும்பகுதியும் பதினைந்து மீற்றருக்குக் குறைந்த ஆழமுடைய தாம்பாளம். வன்னிக்குக் கிழக்கே வங்கக் கடல், மேற்கே இந்தத் தாம்பாளம். முல்லைத்தீவும் பூநகரியும் நாச்சிக்குடாவும் ஒரே வன்னியில் இருந்தாலும் ஒரே கடலின் கரையில் இல்லை.

இன்னொன்று. எங்கள் அரைக்கோளத்தில் சூறாவளி மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்த்திசையிற் சுழல்கின்றது. கிழக்கிலிருந்து வரும் சூறாவளியின் நடு முல்லைத்தீவுக்குத் தெற்கே கரையேறினால், முல்லைத்தீவுக் கரையிற் காற்றுக் கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும், கடல் ஏறும். அதே சூறாவளி எங்களுக்கு வடக்கே கரையேறினாற் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும், கடல் வற்றும். ஐம்பது கிலோமீற்றர் வேறுபாடு ஓர் ஊரின் தலையெழுத்தையே மாற்றிவிடுகின்றது. “தலையெழுத்து” என்று நாம் சொல்வதைக் கரும்பலகையிற் கோடு போட்டுக் காட்டலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது விளங்கும். ஏன் காட்டுவதில்லை?

1964 டிசெம்பரை எடுத்துக்கொள்வோம். அந்தமானுக்குத் தெற்கே தோன்றிய தாழமுக்கம் சூறாவளியாகி, மேற்கு நோக்கி ஏறத்தாழ நேர்கோட்டில் வந்து, 22ஆம் நாள் இலங்கையின் வடபகுதியை ஊடறுத்து வவுனியா வழியே சென்றது. நான் இன்று பாடம் சொல்லும் நிலத்தின் மீதாகவே அந்தச் சூறாவளி சென்றிருக்கின்றது. அன்றிரவு அது பாக்குநீரிணையின் ஆழமற்ற நீரைத் திரட்டித் தனுஷ்கோடியின் மீது எறிந்தது. இரு கடல்களுக்கு நடுவே நீட்டிக் கிடந்த அந்த மணல்நாக்கின் மீது ஏறிய நீரை ஏழு மீற்றர் வரை மதிப்பிடுகின்றனர். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பயணிகள் புகைவண்டி நூற்றுக்கு மேற்பட்டோருடன் அலையில் மறைந்தது. தலைமன்னாருக்குக் கப்பல் விட்ட துறைமுகப் பட்டினம் வாழத்தகாத இடமென்று அரசால் அறிவிக்கப்பட்டது. இன்று அங்கே சிதைந்த தேவாலயச் சுவரையும் புகையிரத நிலையத்தின் எஞ்சிய தூண்களையும் உல்லாசப் பயணிகள் படம் பிடிக்கின்றனர். ஒரு கேள்வியை மட்டும் எவரும் கேட்பதில்லை: முழுத் தீவொன்றைக் குறுக்கறுத்து வந்த சூறாவளி எதிரே வருகையில், அந்த வண்டி ஏன் ஓடியது? வண்டியைக் கடல் அழைக்கவில்லை. வண்டி ஓடுவதும் நிற்பதும் மனிதரின் முடிவு.

சூறாவளி வராத ஆண்டிலும் எங்கள் கடல் ஓய்ந்திருப்பதில்லை. வாடைக்காற்றுத் தொடங்கும் காலத்தில் வங்கக் கடலின் மேற்குக் கரையை ஒட்டி நீரோட்டம் தெற்கு நோக்கித் திரும்புகின்றது. கரையோரத்தில் நீர் குவிந்து, கடலின் சராசரி மட்டமே சில அங்குலம் உயர்ந்து நிற்கின்றது. சில அங்குலந்தானே என்று நினைக்கக் கூடாது. அதே மாதங்களில்தான் வன்னியின் குளங்கள் நிரம்பி வான் பாய்கின்றன. இரணைமடுவிலிருந்து இறங்கும் கனகராயன் ஆற்று நீர் சுண்டிக்குளம் களப்பிற் சேர்கின்றது. பேராற்று நீர் நந்திக்கடலிற் சேர்கின்றது. இவையெல்லாம் ஒடுங்கிய முகத்துவாரங்களால் கடலுக்குப் போக வேண்டும். கோடையில் அலை கொணர்ந்து குவித்த மணல் முகத்துவாரத்தை அடைத்துக் கிடக்கின்றது. வெளியே கடல் உயர்ந்து நின்று உள்நீரை ஏற்க மறுக்கின்றது. பின்னால் குளத்தின் நீர், முன்னால் கடலின் சுவர், நடுவில் வயலும் வீடும். 2018 டிசெம்பர் பிற்பகுதியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கியபோது இரணைமடுவின் கதவுகளை எப்போது திறந்தனர் என்பது பற்றியே எல்லோரும் வாதாடினர். அந்த வாதம் வேண்டியதே. ஆனால் திறந்த நீர் போய்ச் சேரும் வாயில் எந்த நிலையில் இருக்கின்றது, அன்று கடல் எந்த மட்டத்தில் நிற்கின்றது என்பதையும் சேர்த்துக் கணக்கிடாதவரை, கதவைப் பற்றிய வாதம் அரை வாதமே. குளத்துக்கு ஒரு திணைக்களம், களப்புக்கு ஒரு திணைக்களம், கரைக்கு இன்னொன்று. தண்ணீருக்கு இந்தப் பிரிவினை தெரியாது.

வாடைக்காலம், உயர்ந்த கடல், நிரம்பிய குளம், சூறாவளிப் பருவம் ஆகிய நான்கும் கார்த்திகை மார்கழியிற் கூடுகின்றன. 1964இன் சூறாவளி டிசெம்பரில் வந்தது. மட்டக்களப்பைச் சூறையாடியது 1978 நவம்பரில் வந்தது. 2008இன் நிஷா நவம்பரில் வந்தது. அன்று வன்னி மக்கள் போரால் துரத்தப்பட்டு, தரப்பாளின் கீழும் மரத்தின் கீழும் கிடந்தனர். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா நாடு முழுவதிலும் அறுநூறுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. மலைநாட்டிலே மண் சரிந்தது. வன்னியிலே வெள்ளம் பரந்தது. அப்பெயர் யேமன் நாட்டின் சொகோத்திராத் தீவிலுள்ள ஒரு கடல்நீரேரியின் பெயராம். பெயரை எங்கிருந்தாவது கொண்டுவருகின்றனர். நாள் மட்டும் எங்கள் நாட்காட்டியில் முன்பே எழுதப்பட்டிருக்கின்றது. ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் கதவைத் தட்டும் விருந்தாளியை எதிர்பாராது வந்தவர் என்று சொல்பவன் பொய்யன். அல்லது கதவைத் திறக்க மனமில்லாதவன்.

இங்கே நண்பர்கள் சிலர் குறுக்கிடுவர். “விஞ்ஞானம் சரி. ஆனால் தெரிந்து என்ன செய்வது? ஏழை நாடு கடலோடு மோத முடியுமா?” இதற்குச் சரித்திரமே விடை சொல்லட்டும்.

1953 சனவரி 31ஆம் நாள் இரவு, வடகடலில் வீசிய கடும் வடமேற்குக் காற்று நீரைத் திரட்டி ஒல்லாந்தின் மீது எறிந்தது. 1,836 பேர் மாண்டனர். அந்தப் பணக்கார நாட்டில் எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. ஆனால் இரவில் வானொலி ஒலிபரப்பு நின்றுவிடுவது வழக்கம். எச்சரிக்கை காற்றில் ஏறவேயில்லை. மக்கள் உறக்கத்தில் இறந்தனர். அவர்கள் அதை விதி என்று விட்டுவிடவில்லை. பொதுப் பணத்தைக் கொட்டி, கழிமுகங்களுக்கு மதகும் அணையும் கட்டும் திட்டத்தைத் தொடங்கி, 1997இல் அதன் கடைசிப் பெருமதகை நிறுவினர். பணம் இருந்தது, செய்தனர் என்பீர்கள். நல்லது, பணமில்லாத நாட்டைப் பார்ப்போம்.

1970 நவம்பர் 12ஆம் நாள் இரவு அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் கழிமுகத் தீவுகளின் மேல் வங்கக் கடல் ஏறியது. மூன்று இலட்சம் முதல் ஐந்து இலட்சம் மக்கள் வரை இறந்தனர். தொலைவிலிருந்த ஆட்சியாளரின் அலட்சியத்தை மக்கள் மறக்கவில்லை. அடுத்த மாதத் தேர்தலில் அதற்கு விடை கொடுத்தனர். அடுத்த ஆண்டே புதிய நாடு பிறந்தது. அந்தப் புதிய வங்காளதேசம் எங்களைவிடச் செல்வமுடையதன்று. ஆயினும் 1970களின் தொடக்கத்திலேயே கிராமந்தோறும் தொண்டர்களைத் திரட்டியது. கையில் ஒலிபெருக்கி, கம்பத்திற் கொடி, தூண்களின் மேல் எழுப்பிய புகலிடங்கள் ஆகியவையே அவர்களுடைய ஆயுதம். பணி ஒரே நாளிற் கைகூடிவிடவில்லை. 1991இல் இன்னுமொரு சூறாவளி ஏறத்தாழ 1,38,000 பேரைக் கொன்றது. அவர்கள் சோர்ந்துவிடவில்லை, புகலிடங்களைப் பெருக்கினர். 2007இல் சிதர் என்ற கடுஞ்சூறாவளி வந்தபோது இறந்தோர் தொகை ஏறத்தாழ 3,400. அதுவும் பெருந்துயரமே, ஆயினும் இலட்சங்கள் ஆயிரங்களாயின. அடுத்த ஆண்டு, 2008 மேயில், அயல் நாடான பர்மாவின் ஐராவதிக் கழிமுகத்தில் நர்கிஸ் ஏறி 1,38,000 பேரைக் கொண்டுபோனது. அங்கே படையாட்சி மக்களையும் தயார்ப்படுத்தவில்லை. வெளியுதவியையும் வாரக்கணக்கிற் தடுத்தது. ஒரே விரிகுடா, ஆறு மாத இடைவெளி. வேறுபட்டது ஆட்சிதான்.

எங்கள் மண்ணிலும் சிறு சான்று உண்டு. 2020 டிசெம்பர் 2ஆம் நாள் இரவு புரெவி திருகோணமலைக்கு வடக்கே கரையேறி வன்னியை ஊடறுத்துச் சென்றது. பல்லாயிரம் மக்கள் முன்கூட்டியே கரையை விட்டு நகர்த்தப்பட்டனர். அது வலிமை குறைந்த சூறாவளி என்பதை ஒப்புக்கொள்கின்றேன். ஆனால் மனம் வைத்தால் நகர்த்தலாம் என்பது நிரூபணமாயிற்று. ஆகவே “கடலை ஆர் தடுக்க ஏலும்?” என்ற அலுவலரின் கேள்விக்கு விடை இதுதான்: கடலைத் தடுக்க வேண்டாம், ஐயா. சாவைத் தடுங்கள்.

சாவு ஏன் எப்போதும் ஒரே வீட்டுக் கதவையே தட்டுகின்றது? இதுவே எங்கள் பிரச்சினையின் கரு. எங்கள் கரையில் வற்றுப்பெருக்கின் உயரவேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. அதனால் கடல் சாதுவாகத் தோன்றுகின்றது. நீர்விளிம்பிலிருந்து சில பாகம் தள்ளி வாடி போடலாம் என்ற நம்பிக்கையைத் தருகின்றது. உழைப்பவனுக்கு வேறு வழியும் இல்லை. கரைவலை இழுப்பவன் கரையிற்தான் இருக்க வேண்டும். வள்ளமும் இயந்திரமும் கடனில் வந்தவை, வலை சம்மாட்டியுடையது, பிடிக்கப் போகும் மீனுக்கு முற்பணம் வாங்கியாயிற்று. “பாதுகாப்பான இடத்துக்குப் போ” என்று ஒலிபெருக்கி சொல்கின்றது. அவன் போகலாம், வள்ளத்தை யார் தூக்கிச் செல்வது? வள்ளம் போனாற் கடன் போகுமா? அவன் கரையை விட்டு நகர மறுப்பதைக் கண்டு படித்தவர்கள் “அறியாமை” என்கின்றனர். அது அறியாமையன்று, கணக்கு. உயிருக்கும் கடனுக்கும் நடுவே நின்று அவன் போடும் கொடிய கணக்கு. அந்தக் கணக்கை மாற்றாமல் எச்சரிக்கை மட்டும் விடுவது, கால் கட்டப்பட்டவனிடம் ஓடு என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

2005இன் தொடக்கத்தைப் படித்தவர்கள் மறந்திருக்கலாம், கரை மறக்கவில்லை. ஆழிப்பேரலைக்குப் பின்னர் அரசு, தெற்கே கடலிலிருந்து நூறு மீற்றரும் வடக்கிலும் கிழக்கிலும் இருநூறு மீற்றரும் மக்கள் மீளக் குடியேறக் கூடாத வலயமென்று அறிவித்தது. பாதுகாப்புக்காக என்றனர். ஆனால் உல்லாச விடுதிகளுக்கு விலக்கு அளித்தனர். மீனவன் குடிசையை அடித்துச் செல்லும் அலை விடுதியின் நீச்சற் குளத்தருகே வந்ததும் மரியாதையாகத் திரும்பிவிடுமோ? பின்னர் எதிர்ப்பினால் அவ்விதி தளர்த்தப்பட்டது. ஆனால் அது ஒன்றைத் தெளிவாகக் காட்டிவிட்டது: “பாதுகாப்பு” என்ற சொல்லும் எந்த வர்க்கத்தின் வாயில் வருகின்றது என்பதைப் பொறுத்தே பொருள் கொள்கின்றது. கண்டற் காட்டை வெட்டி இறால் வளர்ப்பவனும், மணற்திட்டை உழவு இயந்திரத்தில் ஏற்றி விற்பவனும் கரையில் உறங்குவதில்லை. அவர்கள் வெட்டிய இடத்தால் ஏறும் நீர், மணல் ஏற்றக் கூலிக்குப் போனவனின் அடுக்களைக்குள் வருகின்றது. நாயாற்றிலும் கொக்கிளாயிலும் தமிழ் மீனவனும் தெற்கிலிருந்து பருவத்துக்கு வரும் சிங்கள மீனவனும் ஒருவரையொருவர் பகைவராகப் பார்க்கும்படி விடப்பட்டுள்ளனர். தொழில் உரிமையில் உள்ள அநீதி பேசித் தீர்க்கப்பட வேண்டியதே. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஏறி வரும் நீரின் முன் இருவரின் வாடியும் ஒரே உயரத்தில் நிற்கின்றது என்பதை யார் அவர்களுக்குச் சொல்வது?

இனி, புதுவகை விதிவாதிகள் சிலர் உளர். “எல்லாம் காலநிலை மாற்றம்” என்று பெருமூச்செறிவதோடு அவர்களின் கடமை முடிந்துவிடுகின்றது. காலநிலை மாற்றம் உண்மை. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரி இருபது சென்ரிமீற்றர் உயர்ந்துள்ளது. அண்மைக் காலத்தில் ஆண்டொன்றுக்கு மூன்றரை மில்லிமீற்றருக்கு மேல் உயர்கின்றது. நூற்றாண்டுக்கு ஒருமுறை வந்த கடலேற்றம், இந்நூற்றாண்டின் முடிவுக்குள் உலகின் அளவீட்டு நிலையங்களிற் பாதிக்கு மேற்பட்டவற்றில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் வரும் என்று உலக விஞ்ஞானிகளின் 2021ஆம் ஆண்டு அறிக்கை கூறுகின்றது. எந்தக் கரைக்கு இது முதலில் நேரும்? வற்றுப்பெருக்குச் சிறிதாகவுள்ள, சாதுவான கரைக்கு. ஆறு மீற்றர் ஏறியிறங்கும் கடலில் இருபது சென்ரிமீற்றர் ஒரு துளி. அரை மீற்றரே ஏறியிறங்கும் எங்கள் கடலில் அது வாசற்படி. அந்தப் புகையைக் கக்கிய ஆலைகள் வன்னியில் இல்லை. எனவே பொறுப்பாளிகளிடம் ஈடு கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு. ஆனால் உலக முதலாளித்துவத்தைக் குற்றஞ்சாட்டிவிட்டு உள்ளூர் மணற் கொள்ளையனோடு தேநீர் அருந்துவது முற்போக்கு ஆகாது. கடல் இருபது சென்ரிமீற்றர் உயர்ந்ததற்கு உலகம் பொறுப்பு. கண்டற் காடு வெட்டுண்டதற்கு நாங்கள் பொறுப்பு.

“மீனவருக்குத் தெரியாததா? அவர்கள் பரம்பரை அறிவே போதும்” என்பாரும் உளர். வாடையையும் கொண்டலையும் கச்சானையும் சோழகத்தையும் முகத்திற் படும் ஈரத்தைக் கொண்டே பிரித்தறியும் அம்மக்களின் அறிவுக்கு முன் நான் தலைவணங்குகின்றேன். காற்றில்லாத நாளில் திருடனைப்போல் வந்து கரையை ஏறும் தொலைதூர அலையைக் கேரள மீனவர் “கள்ளக்கடல்” என்றனர். இன்று உலக விஞ்ஞானிகளும் அச்சொல்லையே வழங்குகின்றனர். ஆனால் அந்த அலை ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் தென்சமுத்திரப் புயலில் பிறக்கின்றது என்பதை எந்தக் கரையிலிருந்தும் கண்ணாற் காண முடியாது. மக்களின் அறிவைப் புகழ்ந்துவிட்டுக் கருவியையும் செய்தியையும் அவர்களுக்குக் கொடுக்காதிருப்பது, புகழ்ச்சி வேடம் பூண்ட வஞ்சனை.

நாம் கேட்க வேண்டியவை பெரியவையல்ல. நீர்மட்டத்தைக் காட்டும் அளவுகோல்கள் முல்லைத்தீவிலும் களப்பு வாயில்களிலும் பூநகரிக் கரையிலும் மீனவர் கண்ணுக்கு எட்டும் இடத்தில் நிற்க வேண்டும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் எச்சரிக்கை, வரப்போகும் காற்றின் வேகத்தை மட்டுமன்றி, எந்தக் கரையில் கடல் எத்தனை அடி ஏறும் என்பதையும் சொல்ல வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் ஒரே நேரத்திற் சொல்ல வேண்டும். குளக்கதவைத் திறப்பவரும் முகத்துவாரத்தை வெட்டுபவரும் கடலை அளப்பவரும் மாரி தொடங்குமுன் விவசாயிகளோடும் மீனவரோடும் ஒரே மேசையில் அமர வேண்டும். வள்ளங்களை ஏற்றி வைக்க மேட்டு நிலமும், போனால் ஈடு செய்யும் காப்புறுதியும் வேண்டும். எஞ்சிய கண்டலும் மணற்திட்டும் மீனவர் சங்கங்களின் காவலில் இருக்க வேண்டும். இவற்றில் எதற்கும் ஒல்லாந்தின் மதகு தேவையில்லை.

கடைசியாக எங்களுக்கு, ஆசிரியர்களுக்கு. ஆழிப்பேரலையையும் சூறாவளிக் கடலேற்றத்தையும் பிரித்தறியாத மாணவரை நாம் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கின்றோம். புவியியல் ஆசிரியர் “சூறாவளி” என்ற தலைப்பில் ஐந்து புள்ளிகள் எழுதுவிக்கின்றார்; பௌதிக ஆசிரியர் அமுக்கத்துக்குச் சமன்பாடு எழுதுகின்றார்; தமிழாசிரியன் கடல்கோளுக்கு உரை சொல்கின்றான். மூன்றும் ஒரே கடல் என்று எவரும் சொல்வதில்லை. பரீட்சை கேட்காததை நாம் கற்பிப்பதில்லை. வாழ்க்கை கேட்பதைப் பரீட்சை கேட்பதில்லை.

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகி கோயிலில் எங்கள் மக்கள் கடல்நீரில் விளக்கேற்றுகின்றனர். அந்த நம்பிக்கையைப் பழிக்க நான் வரவில்லை. உப்புநீரிலும் ஒளியைத் தேடும் மக்கள் அவர்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு அறிவின் விளக்கைக் கொடுக்காமல் வைத்திருப்பவர்களோடுதான் என் சண்டை. அந்த வரிசையில் நேற்றுவரை நானும் நின்றேன்.

மறுவாரம் அந்த வகுப்பில் மணிமேகலையைத் திரும்பவும் எடுத்தேன். கரும்பலகையிற் புகாரை வரையவில்லை. முல்லைத்தீவுக் கரையை வரைந்தேன். சூறாவளி எங்களுக்குத் தெற்கே வந்தால் என்ன, வடக்கே வந்தால் என்ன என்று காட்டினேன். காற்று, அமுக்கம், ஆழம், களப்பு, குளம் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னேன்: “பிள்ளை, கடல் ஒருவரையும் தண்டிக்கிறேல்லை. அதுக்குத் திருவிழாவும் தெரியாது, பாவபுண்ணியமும் தெரியாது. அம்மம்மாவின்ர ஊர் கண்ட கடல் பூமி அதிர்ந்து வந்தது. மாரியில வாற கடலைக் காற்றுத்தான் கொண்டுவருது.”

அவள் அதை எழுதிக்கொள்ளவில்லை. கையை உயர்த்தி, அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

“அப்ப சேர், காற்று வாறது முதலே தெரியுமெண்டா, எங்களுக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?”

இந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவன் நான் மட்டுமல்லன்.